கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் போனில் சொல்லிக்கொள்ளலாம், இது போனில் எனக்கு வரவில்லை.

உங்கள் ஆபீஸில் ஆட்குறைப்பு, கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கடிதம் வரும் போலிருக்கிறது என்று போன மாதம் சொன்னாயே, அவள் நினைப்பாகவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு நீ கூப்பிட்டபோதே கேட்டிருப்பேன். அங்கே பதினோரு மணி. பின்னால் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம். வீட்டிலிருந்தே வேலை என்றாய், சரி என்றேன்.

அந்தப் பெண்ணிடம் சொல். ஜெர்மனியில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த, காகிதத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அவர்கள் சிவில் சட்டத்தில் 623ஆம் பிரிவு. ஈமெயில், வாட்ஸ்அப், ஸ்கேன் செய்து அனுப்பியது, மீட்டிங்கில் வாயால் சொன்னது எதுவும் செல்லாது. ஆனால் காகிதம் வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்துவிட்டால் கிடைத்ததாகத்தான் கணக்கு. பிரிக்காமல் மேஜையில் வைத்திருந்தாலும் நாள் ஓடும். பயந்துகொண்டு கவரைப் பிரிக்காமல் வைக்கிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாளிலிருந்து 3 வாரம். அதற்குள் அர்பைட்ஸ்கெரிஷ்ட்டில், அதுதான் தொழிலாளர் கோர்ட்டில், வழக்குப் போடாவிட்டால் தப்பான நீக்கமும் செல்லுபடியாகிவிடும். வக்கீல் கட்டாயமில்லை. கோர்ட்டிலேயே மனு எழுதித் தருகிற பிரிவு உண்டு. நீக்கக் கடிதமும் வேலை ஒப்பந்தமும் கொண்டுபோனால் போதும். வக்கீல் வைத்தால், முதல் கோர்ட்டில் ஜெயித்தாலும் அவர் ஃபீஸ் நம் தலையில்தான். பல வழக்குகள் ஆரம்பத்திலேயே சமரசமாகி ஒரு தொகையோடு முடிகின்றன. சரியான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிற பாதுகாப்பு, 10 பேருக்கு மேல் உள்ள கம்பெனியில் 6 மாதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு. உங்கள் ஆபீஸில் ஐம்பது பேராவது இருப்பீர்கள். நீ சேர்ந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது.

இதைவிட ஆபத்து ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று ஓர் ஒப்பந்தம். பார்க்க மரியாதையாக இருக்கும், தொகையும் போட்டிருக்கும். கையெழுத்துப் போட்டால் நீயாக வேலையை விட்டதாக எடுத்துக்கொண்டு, வேலையில்லாத காலத்துப் பணத்தைப் பொதுவாக 12 வாரம் நிறுத்திவிடுவார்கள். வழக்குப் போடவும் இடமிருக்காது. போடாதே. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல். இன்றைக்கே போட்டால்தான் இந்தத் தொகை என்பார்கள். அப்போதும் போடாதே.

அப்படித்தான் சொல்வார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்பாய். சொன்னவளே நான்தான். பர்சனல் செக்‌ஷனில் இருந்தபோது, "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ராஜினாமாக் கடிதங்களை நானே டைப் அடித்து வைத்திருக்கிறேன். ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இன்றைக்கே போட்டுவிடுங்கள் என்றிருக்கிறேன். மறுநாள் வந்தாலும் அதே தொகைதான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றார் ஒருவர். பேனா மூடியைத் திறந்து நீட்டினேன். அந்தச் சம்பளத்தில்தான் உனக்கு ஃபீஸ் கட்டினேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

சரி, அது கிடக்கட்டும்.

அகென்டூர் ஃபூர் ஆர்பைட்டில், அதுதான் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில், இரண்டு தடவை பதிய வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முதலாவது, வேலை தேடுகிறேன் என்கிற பதிவு: வேலை முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பே. அவ்வளவு நாள் இல்லையென்றால், விஷயம் தெரிந்த 3 நாளுக்குள். தாமதித்தால் ஒரு வாரப் பணம் போகும். இரண்டாவது, வேலையில்லை என்கிற பதிவு. வேலையில்லாத முதல் நாளே செய்துவிடு, பதிந்த நாளிலிருந்துதான் பணம். கடைசி 30 மாதத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் உரிமை உண்டு. 24 மாதம் கட்டியவர்களுக்கு ஒரு வருஷம் வரை வரும். குழந்தை இல்லாதவர்களுக்கு, வரி போகக் கையில் வந்த சம்பளத்தில் சுமார் 60 சதவீதம். மருத்துவக் காப்பீட்டையும் அவர்களே கட்டுவார்கள். இது தர்மப் பணம் இல்லை, உன் சம்பளத்தில் பிடித்ததுதான். இதை வாங்கினால் விசாவுக்குக் கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கட்டிய காப்பீட்டிலிருந்து வருவதை அரசாங்க உதவி என்று எண்ணுவதில்லை.

விசா அலுவலகத்துக்கு, அந்த ஆஸ்லெண்டர்பெஹோர்டேக்கு, ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டுக்காரர்களுக்குத் தருகிற வேலை அனுமதி, வைத்திருப்பவர்கள் வேலை முடிவதை 2 வாரத்துக்குள் தாங்களே தெரிவிக்க வேண்டும். மறைத்துப் பிரயோஜனமில்லை, கம்பெனியும் 4 வாரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நீ முந்திக்கொண்டால் நேர்மையாக இருந்தாய் என்று பதிவாகும். சொன்னதும் பெட்டியைக் கட்டு என்று அர்த்தமில்லை. வேறு வேலை தேட அவகாசம் தருவதுதான் வழக்கம், அதைக் கடிதமாகக் கேட்டு வாங்கு.

ஜெர்மன் மொழி பி1 பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தாய் என்று தெருவெல்லாம் சொன்னேன். அந்தச் சர்டிபிகேட் இருந்தால் ப்ளூ கார்டில் 21 மாதத்திலேயே நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், இல்லாதவர்களுக்குத்தான் 27. எத்தனை தரம் சொன்னேன். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றாய். அன்றைக்கு அலைந்திருந்தால் இன்றைக்கு இந்த 2 வாரக் கணக்கு எதற்கு.

வேலைச் சான்றிதழையும் கேட்டு வாங்கு, விரிவானதாகத் தரச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. அவர்கள் பாராட்டு மொழி விசித்திரமானது. வேலையில் "திருப்தி" என்று மட்டும் எழுதினால் சுமார் என்று அர்த்தம். "எப்போதும் முழுக்க முழுக்கத் திருப்தி" என்றிருக்கிறதா பார். நாங்கள் இவ்வளவு நாசூக்காக எழுதியதில்லை.

இந்த மாதமும் 5ஆம் தேதியே பணம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். மாடி வேலையைத் தள்ளிப் போட்டாயிற்று.

எதிலும் கையெழுத்துப் போடாதே. அந்தப் பெண்ணுக்குக் கடிதம் என்றைக்குப் பெட்டியில் விழுந்தது என்று தேதியை மட்டும் அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம். நாட்களை நான் எண்ணிக்கொள்கிறேன்.

அம்மா