டிரங்க் டிக்கெட்டும் நீ செய்யப்போகும் கேமராவும்

அன்பு மகளுக்கு,

ஒரு நகரத்துப் போலீசுக்காக, முகத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டும் கேமரா மென்பொருளை உங்கள் கம்பெனி செய்கிறது, அந்தக் குழுவில் சேரப்போகிறேன் என்றாய். "தப்பு செய்யாதவங்களுக்கு என்னம்மா பயம்?" என்றும் கேட்டாய். அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இங்கே வைத்துவிட்டுப் போன ஆர்வெல்லின் '1984'ஐப் படித்து முடித்தேன். 1949-ல் வந்த கதை. வீட்டுச் சுவரில் இருக்கும் திரை, கதாநாயகன் வின்ஸ்டனைப் பார்க்கும், அவன் பேசுவதைக் கேட்கும். ஆனால் எந்த நேரத்தில் யாருடைய வயரில் போலீஸ் பிளக் செருகிக் கேட்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் எனக்கு, நான் ஆபரேட்டராக வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுதான் கண்ணுக்குள் வந்தது. ஒருவர் பேசுவதை ஒட்டுக்கேட்க இன்னொருவர் ஹெட்செட் மாட்டி உட்கார வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறையில் 1989-ல் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். அவ்வளவு பேர் இருந்தும் எல்லோரையும் எப்போதும் கவனிக்க அவர்களால் முடியவில்லை. ஆள் போதாமல் இருந்ததுதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும். உங்கள் மென்பொருளுக்கு அந்தக் குறையே கிடையாது.

வெளியூர் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட், அதாவது ஒரு சீட்டு, எழுதுவோம். கூப்பிட்ட நம்பர், கேட்ட ஊர், அங்கே உள்ள நம்பர், இணைத்த நேரம், முடிந்த நேரம். பேசியதில் ஒரு வார்த்தைகூட அதில் இருக்காது. ஆனாலும் ஒரு வீட்டிலிருந்து ராத்திரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு கால், விடிவதற்குள் அதே வீட்டிலிருந்து நாலைந்து ஊருக்கு அர்ஜென்ட் கால் என்றால், டிக்கெட்டை அடுக்கும்போதே தெரிந்துவிடும், அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று. அமெரிக்க உளவுத்துறைக்கு வேலை பார்த்த ஸ்நோடன் 2013-ல் வெளியே கொண்டுவந்ததும் இந்த மாதிரி விவரம்தான். வெரிசான் என்ற போன் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவை அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு தினமும் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் டிக்கெட்டையாவது பில் போட்டு, கொஞ்ச காலம் கட்டி வைத்திருந்து, கழித்துவிடுவார்கள்.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான், கண்ணு. இன்றைக்கு ஒரு பையன் ஆர்ப்பாட்டத்தில் போய் நிற்பது தப்பில்லை. நாலு வருஷம் கழித்து அதைத் தப்பு என்று நினைக்கிற ஒருவர் பதவிக்கு வந்தால், பழைய பதிவில் அவன் முகத்தைத் தேடி எடுக்க ஒரு நிமிஷம் போதும். எது தப்பு என்பதை அன்றைக்கு அவர்தான் சொல்வார். அப்புறம், மெஷினும் ஆளை மாற்றிக் காட்டும். 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அதே ஆள் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீசே தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அப்படித் தப்பாக ஒத்துப்போய் யார் வீட்டுப் பிள்ளை மாட்டுமோ?

போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் உத்தரவு வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தெருக்கேமரா முகத்தைத் தேடுவதற்கோ அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி மத்திய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்குக் கொடுத்துவிடலாம்.

வேலையை விடச் சொல்லவில்லை. சேருவதற்கு முன்னால் உன் மேலாளரிடம் கேள். தேடப்படாத ஆளின் முகம் எத்தனை நாளில் அழியும்? யார், எதற்காகத் தேடினார் என்பது அழிக்க முடியாதபடி பதிவாகுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். மழுப்பினால் வேறு குழுவுக்கு மாற்றிக் கேள். உன் படிப்புக்கு வேலையா கிடைக்காது! பொங்கலுக்கு நீ வருவதற்குள் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா