பி.டி. பீரியட் இனி பிள்ளைகளுக்கே

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு மதிப்பெண் பட்டியலை வகுப்பாசிரியர்கள் தனியாகக் கொடுத்தனுப்புவார்கள். இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கோவையில் நடந்த சாலை ஓட்டத்தில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். பிள்ளைகள் சொல்லி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்குகிறோமே, அந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் 10.10 கிலோமீட்டர். கிட்டத்தட்ட அந்தத் தூரம். எனக்கு வயது 54. ஓடி முடிக்க ஒரு மணி 27 நிமிடம் ஆனது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஜூன் மாதம் டாக்டர் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, தினமும் நடக்கச் சொன்னார். ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். விடியுமுன்பே அங்கே ஊரே நடக்கிறது, பாதிப் பேர் ஓடுகிறார்கள். 2013இல் கோவை மாரத்தான் தொடங்கியதிலிருந்தே ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அங்கே பழகிய ஓர் அம்மா சொன்னார். அவருக்கு என்னைவிட வயது அதிகம். அவர் ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது.

நம் பி.டி. சாரிடம் கேட்டேன். ஒரு நிமிடம் ஓடுங்கள், நான்கு நிமிடம் நடங்கள், வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்றார். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பேச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு. இரண்டாம் மாதம் அவர் பேச்சை மீறி ஒரே வாரத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். கணுக்காலுக்கு மேலே, எலும்பை ஒட்டி அப்படி ஒரு வலி. பத்து நாள் ஓட முடியவில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும் என்பதை அப்போதுதான் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் விஷயத்திலும் இதை மறக்க மாட்டோம்.

ஓட்டத்தன்று நாலரை மணிக்கு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் காபி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் நம் பக்கத்தில் இந்த ஓட்டங்களை இருட்டிலேயே தொடங்குகிறார்கள். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்னால் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது. தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயை நாம் தாண்டும்போதுதான் நம் நேரம் தொடங்கும். கூட்டத்தில் கடைசியில் நின்றாலும் நஷ்டமில்லை. இது தெரிந்தும் எல்லோரும் பாய்ந்து ஓட, நானும் பாய்ந்தேன். பயிற்சியில் ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் எடுப்பவள், முதல் கிலோமீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடிவிட்டேன். நான்காவது கிலோமீட்டரில் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. நடந்தேன்.

ஆறாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேசை. கல்லூரிப் பிள்ளைகள் காகித டம்ளரோடு நின்றார்கள். அதில் ஒரு பெண், “டீச்சர், நீங்களா ஓடறீங்க?” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். நம் பள்ளியில் படித்தவள், கோ-கோ அணியில் இருந்தவள். நூறு மீட்டர் என்னோடு நடந்துவந்தாள். இப்போதும் விளையாடுகிறாயா என்று கேட்டேன். “இல்லைங்க டீச்சர். டென்த்ல விட்டதுதான். வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடுக்காகவே ஸ்கூலுக்கு வருவேன். அப்புறம் அதுவும் மேத்ஸ் ஆயிடுச்சுல்ல” என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். அந்த வெள்ளிக்கிழமை பீரியடை வாங்கிக்கொண்டவளும் நான்தான்.

மீதி நான்கு கிலோமீட்டரும் எனக்கு இதே நினைப்புதான்.

நான் எட்டாம் வகுப்பு படித்த 1984இல்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் முதன்முதலாக வைத்தார்கள். அதற்கு முன் அவ்வளவு தூரம் பெண்ணின் உடம்பு தாங்காது என்றே பலர் நம்பியிருந்தார்கள். அதே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். எங்கள் வகுப்பில் பேச்சே அதுதான். இடைவேளையில் பெண்கள் எல்லாம் செங்கற்களை அடுக்கித் தாண்டினோம். அடுத்த ஆண்டு நான் வயதுக்கு வந்ததும் வீட்டில் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். திரும்ப ஓட நாற்பது வருடம் ஆகிவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து எந்த வகுப்பின் பி.டி. பீரியடையும் வேறு பாடத்துக்கு எடுக்க மாட்டோம். பத்தாம் வகுப்புக்கும் அப்படித்தான். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் இப்படிச் செய்கிறாரே என்று பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குக் கவலை வரும். நியாயமான கவலைதான். நானும் வருடக்கணக்காக அப்படி நினைத்தவள். ஆனால் வாரத்தில் அந்த ஒரு பீரியடையும் எடுத்து நான் நடத்திய கணக்கு எத்தனை பிள்ளைகளின் தலையில் ஏறியது என்று யோசித்தால் எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் ஜன்னல் வழியே மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்தங்கியவர்களுக்கான கணக்குச் சிறப்பு வகுப்பு மாலையில் வழக்கம்போல் நடக்கும். அதை நானே எடுக்கிறேன்.

இன்னொன்று. செவ்வாய், வியாழன் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் ஓட்டப் பயிற்சி தொடங்குகிறோம். ஆறாம் வகுப்புக்கு மேல் விருப்பமுள்ள யாரும் வரலாம். பி.டி. சாரோடு நானும் இருப்பேன். இரண்டு கிலோமீட்டர், அதிகம் போனால் மூன்று. ஓட்டமும் நடையும் கலந்துதான். எட்டு மணிக்குமேல் யாரையும் வெயிலில் ஓட விட மாட்டோம். யார் முதல், யார் கடைசி என்று எழுதி வைக்கப் போவதில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் மூச்சு வாங்காமல் எவ்வளவு ஓடினாய் என்பதை மட்டும் அவரவர் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். உடனே வெளியே போட்டிகளில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். நீண்ட தூர ஓட்டங்களுக்கு வயது வரம்பு வைத்திருப்பது காரணத்தோடுதான்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, அடிக்கடி மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பிள்ளையையும் ஒதுக்கிவைக்க மாட்டோம். டாக்டர் சொல்லும் அளவுக்கு நடக்கலாம்.

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பிள்ளைகளில் பலர் டீயை மட்டும் குடித்துவிட்டு வருவது எங்களுக்குத் தெரியும். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம் போதும், ஓடி முடித்ததும் சாப்பிட ஒரு டப்பாவில் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். விலை உயர்ந்த ஷூ வேண்டாம். காலைக் கடிக்காத கேன்வாஸ் ஷூ போதும். அதுவும் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்யலாம். ஷூ இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதவிடாய் நாளில் ஓட வேண்டாம் என்று கடிதம் கொடுத்தனுப்புகிறீர்கள். முடியாத அன்று உட்கார்ந்துகொள்ளட்டும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் முடியுமா முடியாதா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். ஓடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. சிலருக்கு வலி குறையவும் செய்யும். வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்காக மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

பெற்றோரும் வரலாம். அப்பாக்கள் வண்டியில் விட்டுவிட்டு வாசலில் செல்போன் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இரண்டு சுற்று நடக்கலாம்.

கீழே உள்ள ஒப்புதல் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல் என் அறையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்