வண்டி வாங்கப் போகும் மருமகனுக்கு

மருமகனே,

நீ அனுப்பின பைக் படமெல்லாம் பார்த்தேன். வண்டி அழகுதான், அதில் சண்டையே இல்லை. ஆனால் ஒரு படத்தில்கூட நீ அதில் உட்கார்ந்திருக்கவில்லையே. பணம் கட்டுவதற்கு முன்னால் ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஒரு 10 நிமிடம் உட்கார்ந்து பார். விற்கிறவர் மைலேஜ் பேசிக்கொண்டே இருப்பார், பேசட்டும்.

நீ கேட்கிற யமஹா ஆர் 15 பைக்கின் சீட் உயரம் 815 மில்லிமீட்டர், சாதாரண ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு 785. இதென்ன பெரிய வித்தியாசம் என்பாய். சாயங்காலம் திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டால் வலது கால் பின்பிரேக்கில் இருக்கும், மொத்த வண்டியையும் இடது கால்தான் தாங்கணும். அது நுனிவிரலில் தொட்டுக்கொண்டிருந்தால், பின்னால் இருப்பவர் லேசாக அசைந்தாலே போச்சு. சீட்டைச் செதுக்கித் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே, வள்ளியூர் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

குனிந்து பிடிக்கிற ஹேண்டில்பார் நாற்கரச் சாலையில் சுகம்தான், எதிர்காற்று நெஞ்சைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். டவுனில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே உருட்டும்போது அந்தப் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். நீ தினமும் போவது டவுனுக்கு.

எந்த வண்டி எடுத்தாலும் கிளட்ச் லீவரைப் பார். கைப்பிடியைப் பிடித்து விரலை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே கோட்டில் லீவர்மேல் விழணும். மணிக்கட்டு மேல்பக்கமாக ஒடிந்தால் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பச் சொல். பிரேக் பெடலும் அப்படித்தான், பாதத்தைத் தூக்காமல் மிதிக்க வரணும். இதற்கெல்லாம் காசு கேட்க மாட்டார்கள், கேட்டால் எனக்குப் போன் போடு.

அப்புறம் காற்று. ஆனி ஆடியில் பணகுடி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று எப்படித் தள்ளும் என்று உனக்குத் தெரியாததா, மின்சாரக் காற்றாடிகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறான். பயத்தில் கையை விறைத்து ஹேண்டில்பாரை இறுக்கத்தான் தோன்றும். இறுக்கினால் உன் உடம்பில் விழுகிற தள்ளெல்லாம் கைவழியாக முன்சக்கரத்துக்குப் போய் வண்டி அலையும். முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடி, முழங்கையை மடக்கித் தளரவிடு. காற்று வருகிற பக்கத்தில் போகிற லாரியை முந்தும்போது சட்டென்று காற்று நின்றுபோகும், தாண்டினதும் பளாரென்று அறையும், அதற்குத் தயாராக இரு.

உன் அம்மா, அதான் என் அக்கா, பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்காருவாள், எத்தனை சொன்னாலும் கேட்கப் போவதில்லை. அந்த வண்டியின் பின்சீட்டோ ஒரு பலகை அகலம், உயரமும் அதிகம். சனிக்கிழமை வண்ணார்பேட்டை ஷோரூமுக்கு வா, நானும் வருகிறேன். அம்மாவையும் சேலையோடு கூட்டி வந்து ஏறி உட்காரச் சொல், அதற்கப்புறம் கலரைப் பேசலாம்.

மாமா