ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிக்கனமாக இருந்து கடனை அடைப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வெட்டி வைத்திருக்கிறேன். கடையில் டீ குடிப்பதை விட்டால் வருடத்துக்கு இவ்வளவு, வெளியில் டிபன் சாப்பிடாவிட்டால் இவ்வளவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் மிச்சம் பிடித்த பணத்தை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எங்களைப் போன்ற வீடுகளில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நான் அருப்புக்கோட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறார். 2022 மழையில் ஓட்டு வீடு தாங்காது என்று ஆகி, ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டோம். வீட்டு வேலை எஸ்டிமேட்டுக்குள் முடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, எங்களுக்கும் முடியவில்லை. கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங் கூலி என்று போய்க் கடைசியில் ஒரு லட்சம் குறைந்தது. எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு வாங்கினோம்.

நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால் லட்சத்துக்கு மாதம் 5,000. ஒரு வருடத்தில் 60,000 கொடுத்த பிறகும் அந்த லட்சம் லட்சமாகவே நிற்கும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவசரம் என்று போனபோது ஒரு கேள்வி கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் அவர். சட்டத்தைக் காட்டிவிட்டு நாளைக்கு எதிர் வீட்டில் எப்படி முகம் கொடுப்பது? போலீஸ், கலெக்டர் மனு என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தீபாவளிச் சீசனில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை மிஷினை மிதித்து 6,000 ரூபாய் தனியாகச் சேர்த்தேன். நேரே அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோய், “அசல்ல கழிச்சுக்கோங்க அண்ணாச்சி” என்றேன். அவர் பணத்தைத் தொடவே இல்லை. “இருக்கட்டும்மா, வட்டியை மட்டும் தவறாமக் குடு. அசலை என்னைக்கா இருந்தாலும் மொத்தமாத் தா. உடைச்சு வாங்குறது நம்ம தொழில்ல கிடையாது” என்று சொல்லி, அவர் வீட்டம்மாவிடம் எனக்குக் காப்பி போடச் சொன்னார். காப்பி நன்றாகத்தான் இருந்தது. 6,000-ஐ வாங்கிக்கொண்டால் மாதம் 300 ரூபாய் வட்டி அவருக்குக் குறையும், எதற்கு வாங்குவார்? அந்த 6,000 கார்த்திகையைத் தாண்டவில்லை. நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து வந்தது, மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், போய்விட்டது.

சிக்கனமாக இருந்தால் கடன் அடைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் சேர்ப்பது ஆயிரமும் இரண்டாயிரமுமாகத்தான். கடன்காரரோ மொத்தமாகத்தான் வாங்குவேன் என்கிறார். நடுவில் அந்த ஆயிரம் வீட்டில் கிடந்தால் அதற்கு ஒரு செலவு தானே வந்து சேர்ந்துவிடும்.

என்னிடம் மூன்று பவுன் சங்கிலியும் இரண்டு வளையலும் இருந்தன. அதை அடகு வைக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை. எங்கள் பக்கத்தில் மாதம் 5,000 வட்டி கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை, ஏனென்றால் அது வெளியில் தெரியாது. கல்யாண வீட்டில் கழுத்து மொட்டையாக நின்றால் பந்திக்கு உட்காரும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டினேன். கூட்டுறவு வங்கியில் நகைக்கு வருடம் ஒன்பதரை சதவீதம். லட்சத்துக்கு மாதம் 800 ரூபாய்க்கு உள்ளேதான் வட்டி வரும். அண்ணாச்சிக்குக் கொடுக்கிற அதே 5,000-ஐ அங்கே கட்டினால் முதல் மாதமே 4,200 அசலில் போகும். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். சாயங்காலம் வந்து, “சரி, போலாம்” என்றார்.

ஒரு கடனை வாங்கி இன்னொரு கடனை அடைத்தால் அது கடன் அடைப்பதாகுமா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் குழு லோன் எடுத்து வேறொரு குழு லோனுக்குத் தவணை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022-லேயே, குழு லோன் கொடுக்கும்போது ஒரு குடும்பத்தின் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. தவணை கட்டுவதற்காக வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காதில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு அடகு வைக்க ஓடுகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்வது அது இல்லை. வட்டி ஆறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும், ஆனால் மாதா மாதம் கையை விட்டுப் போகிற பணம் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. இரண்டில் ஒன்றை விட்டாலும் பழைய கதைதான்.

வங்கியில் நகையை உரசிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஐம்பதாயிரம் கூடக் கிடைக்கும், போட்டுரவா?” என்று கேட்டார்கள். வேண்டாம், அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டிய லட்சம் மட்டும் போதும் என்றேன். இப்படிக் கேட்பது இனிமேல் அதிகமாகத்தான் ஆகும். தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதோடு ரிசர்வ் வங்கி 2025-இல் விதியை மாற்றி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. விலை ஏறியதும் அதே நகையை மீட்டு, கூடுதல் தொகைக்குத் திருப்பி வைப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டு நகை வங்கியிலேயே குடியிருக்கிறது.

அப்புறம் நான் கேட்ட கேள்வி, “மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாமா?” என்பது. அங்கிருந்த பையன், “வருஷம் முடியும்போது வந்து மொத்தமாக் கட்டித் திருப்பி வைங்க, அதான் எல்லாரும் பண்றாங்க” என்றான். கேஷியராக இருந்த பெரியவர்தான் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “எப்ப வேணும்னாலும் கட்டலாம்மா, 500 ரூபாயா இருந்தாலும் வாங்குவோம். அன்னையிலிருந்து வட்டி குறையும்” என்றார். பத்து வருடமாக நகையை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிற என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும். நகை என்றால் முழுப் பணத்தோடு போய்த்தான் நிற்க வேண்டும் என்றே எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பதரை சதவீத வட்டியில் ஆயிரம் ரூபாய் கட்டினால் மாதம் 8 ரூபாய்தான் குறையும், இதற்காகவா நடந்து போனாய் என்று என் தம்பி மகன் கேட்டான். அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அந்த 8 ரூபாய்க்காக நான் போகவில்லை. ஆயிரம் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய கிரெடிட் கார்டு பில்லை வாங்கிப் பார்த்தேன். மாதம் 3.5 சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. “டேய், இது மூன்றரை வட்டிடா” என்றேன். “அத்தை, மினிமம் கட்டுனாப் போதும்” என்கிறான். மினிமம் மட்டுமே கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று அந்தப் பில்லிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குகிற சாமானுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆனால் ஒரு விஷயத்தில் கார்டுக்காரர்கள் எங்கள் அண்ணாச்சியை விட மேல். ஆயிரமோ இரண்டாயிரமோ, கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். கார்டை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுச் சம்பளம் வந்த அன்றே கட்டு, இடையில் கையில் எது வந்தாலும் அன்றைக்கே கட்டு என்று சொல்லியிருக்கிறேன். கேட்கிறானா என்பது தீபாவளிக்குத் தெரியும்.

வீட்டில் என்ன சிக்கனம் பிடித்தோம் என்றும் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. அவருடைய டீயை நான் நிறுத்தவில்லை. நைட் ஷிப்டு முடிந்து வருகிற மனிதருக்கு டீ வேண்டும். முன்பு பொரிக்க ஒரு எண்ணெய், தாளிக்க ஒரு எண்ணெய் என்று பாக்கெட் வாங்குவேன். இப்போது பொரிக்க ரேஷனில் 25 ரூபாய்க்குத் தருகிற பாமாயில், இட்லிப் பொடிக்கு மட்டும் நல்லெண்ணெய். பருப்பும் ரேஷனில் 30 ரூபாய்க்குத் தருவதுதான், ஊறப்போட்டு வேகவைத்தால் குழைந்துவிடும். சந்தைக்குப் பொழுது சாய்ந்த பிறகு போவேன். சாக்கை மடிக்கிற நேரத்தில் கத்தரிக்காயும் முருங்கையும் கூறு கட்டி வைத்துக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஜாக்கெட் துணியோ நூலோ வாங்க டவுன் பஸ்ஸில்தான், பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லையே. கரண்ட் விஷயத்தில் ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். எங்களுக்கு அவ்வளவு ஓடாது. ஏசி வைத்திருப்பவர்கள் கணக்கு எடுக்க வருவதற்கு முன்பே மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதிலெல்லாம் மாதம் ஆயிரம் மிஞ்சும், சில மாதம் அதுவும் மிஞ்சாது. உண்மையில் எங்கள் வீட்டைத் தின்பது மொய். வைகாசி, ஆவணி, தை வந்தால் பத்திரிகை வைக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் எழுதியதை நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்கு நோட்டு இருக்கிறது, இரண்டு பக்கமும் ஞாபகம் இருக்கிறது. அதில் சிக்கனம் பிடிக்கச் சொல்கிறவர் எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம் இருந்து பார்க்கட்டும். நாங்கள் செய்ததெல்லாம், நோட்டில் உள்ளதை அப்படியே திருப்பினோம், மேலே ஏற்றி எழுதவில்லை. புதிதாக ஒரு விசேஷமும் வைக்கவில்லை. தளம் போட்ட வீட்டுக்குப் பால் காய்ச்சியதோடு சரி, பந்தல் கிடையாது. ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு எல்லாக் கல்யாணத்துக்கும் போனேன். அதைக் கவனித்து என்னிடமே சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் நான்தான் ரவிக்கை தைக்கிறேன்.

இதோடு தள்ளுபடிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். கிடைத்தவர்களுக்கு நல்லது. தகுதிப் பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர்களும் நிறைய. அதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் “வரும், வரும்” என்று கட்டாமல் வைத்திருக்கிறார்கள். வருமோ வராதோ, வட்டி ஓடுவது நிற்காது.

எங்கள் நகைக் கடனுக்கு வருடக் கெடு முடிந்தபோது பாக்கி 35,000-க்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. திருப்பி வைப்பதற்கு முதலில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு நாள் கைமாற்றுக் கொடுக்க வங்கி வாசலிலேயே ஆட்கள் நிற்பார்கள், அதற்கும் ஒரு வட்டி. ஒரு லட்சத்துக்குக் கைமாற்றுத் தேட வேண்டியிருந்தால் அவர்களிடம்தான் போயிருப்பேன். 35,000 என்பதால் அக்கா வீட்டிலேயே கிடைத்தது. சங்கிலியை மட்டும் மறுபடி அடகு வைத்துவிட்டு வளையல்களை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மாமியாரே கையில் போட்டுவிட்டார். அடுத்த ஆறு மாதத்தில் சங்கிலியும் வந்தது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வங்கிகளில் நகைக் கடன் கவுண்டருக்கு மேலே கிராமுக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே “இடையில் எந்த நாளும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம்” என்று தமிழில் ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். எந்தெந்த வங்கியில் குறைந்தபட்சம் எவ்வளவு வாங்குகிறார்கள், சலான் எழுதத்தான் வேண்டுமா, போனிலேயே கட்ட முடியுமா என்று உங்கள் நிருபர்கள் கேட்டுப் போட்டால் டீ கணக்கை விட அது உதவும்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம், ஊரை மட்டும் போடுங்கள். அண்ணாச்சி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை.