குலதெய்வத்தின் பெயரால் கேக் மறுத்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

கோபியில் வளைகாப்பு விருந்தின்போது நீங்கள் பெருமையோடு சொன்னதை நானும் கேட்டேன். காதல் இணையரான இரண்டு பெண்கள், சேர்ந்து வாழத் தொடங்கிய நாளைக் கொண்டாட, தங்கள் இருவர் பெயரும் எழுதி ஒரு கிலோ கேக் வேண்டும் என்று உங்கள் பேக்கரிக்கு வந்திருக்கிறார்கள். "எங்கள் குலதெய்வத்துக்கு ஆகாது" என்று அனுப்பிவிட்டீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமே பேக்கரிக்காரர் பக்கம்தான் நின்றது என்றும் சொன்னீர்கள். பெரியவர்கள் நடுவில் உங்களை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வழக்கு கொலராடோ மாநிலத்தில் நடந்தது. 2012இல் இரண்டு ஆண்கள் தங்கள் திருமண விருந்துக்குக் கேக் சொல்லப் போனார்கள். ஒருவருடைய அம்மாவும் கூடவே போயிருந்தார். யாருடைய திருமணம் என்று தெரிந்த உடனே கடைக்காரர் முடியாது என்றுவிட்டார். கேக் என்ன வடிவம், மேலே என்ன எழுதுவது என்ற பேச்சே எழவில்லை. 2018இல் ஏழு நீதிபதிகள் அவருக்குச் சாதகமாகவும் இருவர் எதிராகவும் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அவர் வென்றதற்குக் காரணம், புகாரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய மதத்தின்மீது காழ்ப்புக் காட்டியது. மத நம்பிக்கையைக் காட்டி ஒரு கடை ஆட்களைத் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு விடை சொல்லவே இல்லை.

அமெரிக்காவில் மதச் சுதந்திரச் சட்டம் எதற்காக வந்தது என்றும் பாருங்கள். அங்கே பழங்குடியினர் திருச்சபையைச் சேர்ந்த இருவர், வழிபாட்டில் பெயோட்டி என்ற கள்ளியை உட்கொண்டதால் வேலை இழந்தார்கள். வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் கிடைக்கவில்லை. 1990இல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. அதனால் எழுந்த கொதிப்பில்தான் 1993இல் சட்டம் இயற்றினார்கள். எளியவருடைய வழிபாட்டில் அரசு கை வைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2015இல் இந்தியானா மாநிலம் அதே பெயரில் கொண்டுவந்த சட்டம் வணிக நிறுவனங்களுக்கும் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. தன்பாலீர்ப்பாளரைக் கடைகள் துரத்தத்தான் இது உதவும் என்று நாடே கொதித்தது; ஒரு வாரத்திலேயே திருத்த வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் உண்டு, மாமா. தென் கரோலினாவில் ஓர் உணவகக்காரர், கறுப்பர்களுக்கு உள்ளே பரிமாறுவது தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று வாதாடினார். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இதைப் படித்தபோது நம் பக்கத்து டீக்கடைகள்தான் நினைவுக்கு வந்தன. கண்ணாடி டம்ளர்கள் பலகைமேல் கவிழ்த்து வைத்திருக்கும். கூரைத் தாழ்வாரத்தில் கொட்டாங்குச்சி செருகியிருக்கும். தோட்டத்தில் நாளெல்லாம் பாடுபட்டவர் அதைத் தானே எடுத்து, குடித்து, கழுவி, மறுபடியும் செருகிவிட்டுப் போவார். அதையும் சாமி, சாத்திரம், வழக்கம் என்றுதானே நியாயப்படுத்தினார்கள்?

நம் அரசமைப்பின் 25ஆவது பிரிவு மத உரிமையைத் தருகிறது. அதை மற்ற அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதாகத்தான் தருகிறது. 2018 செப்டம்பர் 6 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் உங்களைப் போன்ற கடைக்காரர்மீது அந்தப் பெண்கள் வழக்குப் போட நேரடியான சட்டம் இன்றுவரை இல்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. அவர்களுக்கு உரியது கிடைப்பது உங்கள் மனத்தை நம்பியே இருக்கிறது.

உங்கள் மனத்துக்கு ஒவ்வாத வாசகத்தை எவர் கேட்டாலும் எழுத மாட்டேன் என்றால் அது உங்கள் உரிமை. அதற்காக நானே வாதாடுவேன். இங்கே கேட்டது இரண்டு பெயர்கள். ஒவ்வொரு நாளும் நூறு பேருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு நானும் சின்ன வயதிலிருந்து வருகிறேன். இன்னாருக்கு விற்காதே என்று சாமி சொன்னதாக எந்தப் பூசாரியும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆர்டர் நோட்டில் அவர்கள் கைப்பேசி எண்ணை எழுதி, பிறகு அடித்ததாகச் சொன்னீர்களே, அந்தப் பக்கம் இன்னும் இருக்கும். கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் கல்லாவில் நிற்கும் பையன்களிடம், இனி யார் வந்தாலும் ஆர்டர் எடுக்கும்படி நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்