தென்பெண்ணையோடு கடல் வரைக்கும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தோப்பில் மா பூவெடுக்கிற நேரம், தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் நானே அலைந்துகொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம். அம்மா நன்றாக இருக்கிறார். முட்டி வலி மட்டும் இந்த மார்கழிப் பனியில் கொஞ்சம் அதிகம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் எனக்கு முன்னால் அவருக்குத்தான் கண் கலங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலையில் தொடங்கிக் கடல் வரை காரிலேயே இறங்கிப் போகலாம், ஒகேனக்கல்லில் ஆரம்பித்துக் காவிரியோடு பூம்புகார் வரைக்கும் என்று எழுதியிருக்கிறாய். பயணத்துக்கு நான் தயார். ஆனால் காவிரி வேண்டாம் மாப்ளே. அதோடு போக ஊரே இருக்கிறது. நாம் நீச்சல் பழகியது தென்பெண்ணையில். கோடையில் ஆறு வற்றியதும் மணலில் முழங்கை ஆழம் தோண்டி, முதலில் வரும் கலங்கல் தண்ணீரை இறைத்துவிட்டு, தெளிந்து ஊறுகிற வரை குந்தி உட்கார்ந்திருப்போமே, அந்த ஆறு. ஐம்பது வயது தாண்டியும் அது எங்கே போய் முடிகிறது என்று நாம் பார்த்ததில்லை. எனக்கு இது உண்மையிலேயே உறுத்துகிறது.

அதனால் என் யோசனை இது. ஆறு பிறப்பது கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாகலூர் தாண்டி கொடியாளத்தில் அது நம் எல்லைக்குள் நுழைகிற இடத்தில் ஆரம்பிப்போம். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவுதான், இடையில் 50 கிலோமீட்டர். சூளகிரி தாண்டி இறங்கும்போது காற்று மாறுவது முகத்திலேயே தெரியும். ஆனால் விடியற்காலையில் கிளம்ப வேண்டாம், அந்தச் சாலையில் இப்போது பனிமூட்டம் முன்னால் போகும் லாரியையே மறைக்கிறது. எட்டு மணிக்கு மேல் போதும். கெலவரப்பள்ளி அணையில் வண்டியை நிறுத்து, பார்க்க வேண்டியது இருக்கிறது. பெங்களூரு பக்கமிருந்து வரும் கழிவு கலந்து, மதகு திறந்தால் தண்ணீர் நுரை நுரையாகப் பொங்கி ஓடும். வெள்ளையாக இருப்பதால் தூரத்துக்கு அழகாகத் தெரியும், கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர்தான் நம் ஊருக்கும் வருகிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரி அணையில் அதிக நேரம் வேண்டாம், அது நம் வீட்டு முற்றம் மாதிரி. முதல் ராத்திரி காவேரிப்பட்டினத்தில் என் வீட்டில். களியும் கீரைக் கடைசலும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் போச்சம்பள்ளி வழியாக ஊத்தங்கரை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சந்தைக் கூட்டத்தில் கார் நகராது. அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. 2024 டிசம்பர் புயல் மழையில் அங்கே ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதல்லவா, ஏரி நிரம்பி ரோட்டில் நின்ற வண்டிகளை எல்லாம் இழுத்துக்கொண்டு போனது. அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது, அஞ்சறைப்பெட்டி வைக்கிற பலகைக்கு ஒரு சாண் கீழே. இரண்டு முறை வெள்ளை அடித்தும் பழுப்பாக மேலே வந்துவிடுகிறது. அந்த வெள்ளத்தில்தான் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். கீழே அகரம் பள்ளிப்பட்டில் திறந்து சில மாதமே ஆன பாலம் அடித்துக்கொண்டு போனது. மற்ற நாளில் கணுக்கால் நனையாத அதே ஆறு!

அப்புறம் சிங்காரப்பேட்டை, செங்கம், சாத்தனூர். ராத்திரி திருவண்ணாமலையில் தங்கலாம், ஆனால் பௌர்ணமியாக இருக்கக் கூடாது, கிரிவலக் கூட்டத்தில் ரூம் கிடைக்காது.

இப்போது நான் இந்தப் பயணத்தையே எதற்காகக் கேட்கிறேன் என்பதைச் சொல்கிறேன். மணலூர்ப்பேட்டைப் பக்கம், ஆற்றின் வடகரையில் ஜம்பை என்று ஒரு சின்ன ஊர். அங்கே குன்றில் ஒரு குகை, உள்ளே தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில் ஒரே வரி: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. நம் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமான், மாப்ளே! ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன், துறவிகள் தங்கக் குகையைக் கொடுத்திருக்கிறான். 1981-ல்தான் கண்டுபிடித்தார்கள். அசோகர் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு வருகிற 'சதியபுத்திரர்' யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள், இந்த ஒரு வரி அது அதியமான் குலம்தான் என்று காட்டிவிட்டது. பள்ளியில் நம்மை அதியமான்கோட்டைக்குக் கூட்டிப்போனார்களே, அன்று இதைப் பற்றி ஒரு வார்த்தை யாராவது சொன்னார்களா? அவன் மலையமானை வென்று கோவலூரைப் பிடித்தான் என்று சங்கப் பாடல் சொல்கிறது. அந்தக் கோவலூர்தான் திருக்கோவிலூர், அதே ஆற்றின் தென்கரையில் கொஞ்சம் கிழக்கே. நம் ஆற்றோடு இறங்கித்தான் அவனும் போயிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கேட்காதே.

திருக்கோவிலூரில் ஆற்று நடுவே கபிலர் குன்று, பாரி மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம். அதற்கப்புறம் பண்ருட்டி, கடலூர். பண்ருட்டியில் பலா சீசன் இருக்காது, முந்திரி வாங்கிக்கொள். தாழங்குடா பக்கம் ஆறு கடலில் கலக்கிறது, சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும்.

என் ஆல்டோவுக்கு கிளட்ச் மாற்றிவிட்டேன், டயர் நான்கும் புதுசு. தை இரண்டாவது வாரம் உனக்குத் தோதுப்படுமா என்று எழுது, தோப்பில் இரண்டாவது மருந்து அதற்குள் முடிந்துவிடும். குகைக்குள் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று தெரியாது, நல்ல டார்ச் ஒன்று கொண்டு வா. அக்கா உனக்குச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று மறக்காமல் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
உன் காவேரிப்பட்டினத்து நண்பன்