நாற்பது நிமிடம் லேட்

அன்புள்ள மாப்ளே,

நலமா? தங்கச்சிக்கு முட்டி வலி பரவாயில்லையா? பேத்தியை ஆவடியிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாச்சு என்று போன மாதம் போனில் சொன்னாய், அதோடு சரி, அப்புறம் பேசவே இல்லை. இங்கே எல்லோரும் சுகம். சூரமங்கலத்தில் நாலு நாளாகச் சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. ஏற்காட்டு மலை மேகத்துக்குள் போனதும் நம் தெருவில் கரண்டும் போய்விடும், எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம். இதை எல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் சொல்ல வந்த விஷயத்தை ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ராத்திரி டிவியில் ரயிலைப் பற்றி ஒரு ஆவணப்படம் போட்டார்கள். நம் பக்கம் எடுத்தது இல்லை, வடக்கே பனிக்காலத்தில் எடுத்தது, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். ஒரு வண்டி புறப்பட்டுப் போய்ச் சேருகிற வரைக்கும் அதில் வேலை செய்கிறவர்கள், அதில் பயணம் போகிறவர்கள், பாதையைக் காக்கிறவர்கள் என்று ஒவ்வொருவர் பின்னாலும் போய் எடுத்திருக்கிறார்கள். நம் தெருவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, இரண்டு வீட்டுக்கு ஒருத்தர் ரயில்வே, முக்கால்வாசி வீட்டில் அதுதான் ஓடியது. மறுநாள் காலையில் பால் பூத்திலும் சரி, சாயங்காலம் தட்டுவடை செட் கடையிலும் சரி, அதே பேச்சு. ஒரே படத்தைத்தான் எல்லோரும் பார்த்தோம், ஆனால் பேசும்போது ஆளுக்கு ஒரு படம் பார்த்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு, டிக்கெட் பரிசோதிக்கிற டிடிஇ வருகிற இடத்தில்தான் கோபம். பெங்களூரில் வேலை, வாரா வாரம் வருகிறவன், அவனுக்கு டிக்கெட் கன்பர்ம் ஆகாத கஷ்டம் தெரியும். படத்தில் ஒரு பெண் டிடிஇ, வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறிய ஒரு பெரியவரை அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஜெனரல் பெட்டிக்குப் போகச் சொல்கிறார். "காசு வாங்கிட்டுத்தானே டிக்கெட் கொடுத்தாங்க, அப்புறம் எதுக்கு இறக்கணும்?" என்று பையன் கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் என்றால் சார்ட் போட்டதும் தானே கேன்சல் ஆகிப் பணம் திரும்பிவிடும், கவுண்டரில் எடுத்தது கையிலேயே இருக்கும், அதை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அந்தச் சட்டத்தை அந்த அம்மா எழுதவில்லையே. அந்தப் பெரியவர் இறங்கிப் போன பிறகு அந்த டிடிஇ அம்மா கதவுப் பக்கம் போய் நின்று ஷூவைக் கழற்றி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு வெளியே பார்த்தார், ஒரு நாலு விநாடிதான் வந்தது. பையனிடம் கேட்டேன், அதை அவன் பார்க்கவே இல்லை.

ஜெனரல் பெட்டியைக் காட்டியபோது என் வீட்டுக்காரி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கழிவறைக் கதவை ஒட்டித் துண்டை விரித்து ஒரு தாய் குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறாள், கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் குழந்தையின் காலைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் சீசன் டிக்கெட்டில் 27 வருஷம் போய் வந்தவன் நான். 60 கிலோமீட்டர்தான், அதுவே நின்றுகொண்டு போனால் இடுப்பு விட்டுப்போகும், இரண்டு ராத்திரி அப்படிப் போகிறவர்கள் கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. படம் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை. மருமகள் பேசியது வேறு. இன்ஜினில் உதவி லோகோ பைலட்டாக ஒரு இளம்பெண் வருகிறாள், ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை அப்படியே பைக்குள் வைத்துவிடுகிறாள், ஏன் என்று கேட்டால் இன்ஜினில் கழிவறை இல்லை என்கிறாள். நீயும் லோகோ பைலட்தான், இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட இதைச் சொன்னதில்லையே.

தட்டுவடை செட் கடையில் சண்டையே வந்துவிட்டது, கேட்கீப்பர் காட்சியைப் பற்றி. கேட்டை மூடியதும் இரண்டு பக்கமும் ஹாரன் அடிக்கிறார்கள், ஒருத்தன் பைக்கைச் சாய்த்து உள்ளே நுழைக்கிறான், அந்த அம்மா கத்துகிறார், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே பேச்சு செம்மங்குப்பத்துக்குப் போய்விட்டது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கம் பள்ளி வேன் மேல் பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அதுதான். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. கடையில் இருந்த எல்லோரும் கேட்கீப்பர், கேட்கீப்பர் என்றே பேசினார்கள். நான் நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். இன்டர்லாக்கிங் இருக்கிற கேட்டில் கேட் மூடாமல் வண்டிக்கு வழிவிடும் சிக்னல் விழாது, சிக்னல் விழாமல் வண்டி வராது. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணி, நம்பர் சொல்லி, இவர் பதில் நம்பர் சொல்லி, அந்தப் பேச்சை நம்பித்தான் வண்டி வருகிறது. செம்மங்குப்பம் கேட்டில் அன்றைக்கு இன்டர்லாக்கிங் இல்லை. ஒரு மனுஷன் தவறினாலும் வண்டி உள்ளே வராதபடி ஏற்பாடு இருக்க வேண்டுமா இல்லையா என்று கேட்டேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள், பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

எதிர் வீட்டுக் கீமேன் பெரியவர், தண்டவாளத்தை நடந்தே சோதித்துப் பார்க்கிற வேலை பார்த்தவர், அதுவரை வாயே திறக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், லோக்கூர், தானிஷ்பேட்டை பக்கம் காட்டுக்குள்ளேயே வருஷக்கணக்காக நடந்தவர், இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாராம். கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, படத்தில் வந்த கீமேன் பையனைப் பற்றி அவர் கேட்டது இவ்வளவுதான்: "அந்தப் பையன் சுத்தியலை ஓங்கிப் போடலை, பாத்தீங்களா? சும்மா தொட்டான். தொட்டுட்டு நின்னு கேட்டான்." யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தண்டவாளத்தை அதன் அடியில் இருக்கிற ஸ்லீப்பர் கட்டையோடு பிடித்திருக்கிற கிளிப் இறுகி இருந்தால் ஒரு சத்தமாம், தளர்ந்திருந்தால் வேறு சத்தமாம். பெரியவர் கடை மேஜையின் தகர விளிம்பில் விரலை மடக்கித் தட்டி முதல் சத்தத்தைக் காட்டினார், அப்புறம் மேஜைப் பலகையின் மேல் தட்டி இரண்டாவதைக் காட்டினார். அவருக்கே அது கேட்டிருக்குமா தெரியவில்லை, ஆனால் இரண்டு தடவையும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

அப்புறம் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். படத்தில் வந்த அந்தப் பனி மாதிரி அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். சிக்னலே தெரியாத பனியில், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னாலேயே ஒருத்தர் தண்டவாளத்தில் இரண்டு டெட்டனேட்டரை 10 மீட்டர் இடைவெளியில் கட்டிவிட்டு நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார், சக்கரம் ஏறி அது வெடித்தால் சிக்னல் வருகிறது என்று இன்ஜினில் இருப்பவருக்குத் தெரியும். நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை, ஆனால் பாதையில் ஏதாவது விபரீதம் என்றால் கீமேன் ஓடிப்போய் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் மூன்று கட்ட வேண்டும், அந்த விதியைப் பெரியவர் இன்னும் கந்த சஷ்டி கவசம் மாதிரி சொல்கிறார். "1200 மீட்டர் எதுக்குன்னு கேளுங்க, வண்டி நிக்கறதுக்கு அவ்வளவு தூரம் வேணும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மேலே சாப்பிட முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதுதான் மாப்ளே நான் உனக்கு எழுத வந்தது.

படத்தின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் கேமரா இன்ஜினுக்குள் இருக்கிறது. நீங்கள் செய்வீர்களே, ஒருத்தர் கையை உயர்த்தி சிக்னலைச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வது, அது போய்க்கொண்டே இருக்கிறது. பேரன் அதைப் பிடித்துக்கொண்டு, "டிஸ்டன்ட், டபுள் எல்லோ" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிகிறான். அந்த லோகோ பைலட் உன் வயசுதான் இருப்பார், நரை மீசை. பாதையைப் பார்த்துக்கொண்டே, ஒரு தடவை கூடக் கேமரா பக்கம் திரும்பாமல், குறுக்கே வந்த ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறார். ஹாரன் அடித்தேன், எமர்ஜென்சி போட்டேன், அவர் திரும்பி என்னைப் பார்த்தார், அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் எனக்கு இன்னும் தெரிகிறது, இவ்வளவுதான் சொன்னார். அடுத்த சிக்னல் வந்தது, கையை உயர்த்தி அதைச் சொன்னார். வீட்டில் யாரும் பேசவில்லை. பேரன்தான், "தாத்தா, பிரேக் போட்டா நிக்காதா?" என்று கேட்டான்.

எனக்கு அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்தது உன்னைத்தான். அப்போது ரயில்வேயில் சேலம் கோட்டம் கூட வரவில்லை, நாமெல்லாம் பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்த காலம், 2007-க்கு முன்னால். ஈரோட்டில் வேலை முடிந்து நான் சாயங்கால வண்டியில் வருகிறேன், மாவெலிபாளையம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம், யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று பெட்டி பெட்டியாகச் செய்தி வந்தது. என் பக்கத்தில் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சாகறதுக்கு நம்ம வண்டிதான் கிடைச்சுதா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது, எனக்கும் மனசெல்லாம் நேரத்தின் மேல்தான். இன்ஜினில் நீதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

சேலம் ஜங்ஷனில் இறங்கி முன்பக்கமாக நடந்தால், பிளாட்பாரக் கோடியில் குழாயடியில் நீ நிற்கிறாய். டியூட்டிக்குக் கொண்டுபோகிற லைன் பாக்ஸ் பெட்டி காலடியில். கையைக் கழுவிக்கொண்டே இருந்தாய். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது, நீ விரல் விரலாகத் தேய்க்கிறாய். நான் வந்து தோளில் தட்டிக் கேட்டேன், "என்ன மாப்ளே, இன்னைக்கு 40 நிமிஷம் லேட் பண்ணிட்டே?" என்று.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "ஆமா மாப்ளே, ஆயிடுச்சு" என்றாய். அப்புறம் குழாயை மூடிக்கொண்டே, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, "பச்சைச் சட்டை" என்றாய். எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை, டாக்டர் போய்விடுவார் என்று ஓடிவிட்டேன். மறுநாள் யாரோ சொல்லித்தான், அங்கேயே மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு அதே வண்டியை நீதான் சேலம் வரைக்கும் ஓட்டி வந்தாய் என்று தெரிந்தது. அதற்கப்புறமும் நான் அதைப் பற்றி உன்னிடம் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டிருப்பாய், கிளறக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் பெரியவள் கல்யாணத்துக்கு உனக்கு எடுத்த சட்டைத் துணி ஞாபகம் இருக்கிறதா? இளம்பச்சை. நீ அதைத் தைக்கவே இல்லை, கல்யாணத்துக்குப் பழைய சட்டையோடு வந்தாய் என்று என் வீட்டுக்காரிக்கு ரொம்ப நாள் வருத்தம். ஞாயிறு ராத்திரி படம் முடிந்த பிறகு குழாயடியில் நீ சொன்ன அந்த இரண்டு வார்த்தையை இவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அண்ணனுக்கு நாமளே போய் அந்த நிறத்தை எடுத்துக் கொடுத்திருக்கோமே" என்று அழுதுவிட்டாள்.

தெருவில் எல்லோரையும் பார்த்து, இவன் அதைக் கவனிக்கவில்லை, அவன் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கண்ணெதிரே, தோளில் கை வைக்கிற தூரத்தில் நீ நின்றாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 40 நிமிடம்தான். அந்தக் கேள்விக்காக என்னை மன்னித்துவிடு மாப்ளே. அப்போதே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன், அன்றைக்கு ராத்திரி நீ வீட்டுக்குப் போய் என்ன செய்தாய்? தூங்கினாயா? தங்கச்சியிடமாவது சொன்னாயா? மறுநாள் டியூட்டியில் மாவெலிபாளையம் தாண்டும்போது எப்படி இருந்தது? சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே, கடிதத்தில் எழுதவும் வேண்டாம். எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தாலும் எனக்குப் போதும்.

கீமேன் பெரியவர் உன்னை ரொம்ப விசாரித்தார். அடுத்த மாதம் மழை கொஞ்சம் விட்டால் மூன்று பேரும் தானிஷ்பேட்டை வரைக்கும் போய் வரலாமா என்று கேட்கிறார், அவர் நடந்த பாதையை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வா. விடிவதற்கு முன்னாலேயே சேலம் வந்துவிடும், ஆட்டோவுக்கெல்லாம் அலைய வேண்டாம், ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்கிறேன். வண்டி எத்தனை மணிக்கு வந்தாலும் சரி.

உன்,
சூரமங்கலத்து மாப்ளே